ஊட்டத்தூர்க் கடலுக்குப் பேரேடு எழுதியவர்

வீட்டுக்குள் இருக்கும் கடல்

செட்டிநாட்டுப் பெருவீடு ஒன்றின் முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழைகிறவர், முகம் தெரியும்படி மின்னுகிற சுவரையும் காலுக்குக் குளிர்ச்சியான தரையையும் வியந்து பாராட்டுவாரேயன்றி, அவ்விரண்டும் கடலில் வாழ்ந்து மடிந்த ஜீவராசிகள் விட்டுச்சென்ற பொருளால் ஆனவை என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. சுவருக்கு அந்த மினுமினுப்பைத் தந்த பூச்சு, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை பூசித் தேய்த்ததால் உண்டானது. தரையில் பதித்த இத்தாலியப் பளிங்கோ, கராரா மலைகளிலே வெட்டப்பட்டதாயின், ஜுராசிக் காலத்துக் கடலடியில் சுண்ணாம்புச் சேறாகப் படிந்து, பின்னர் அப்பினைன் மலைகள் எழும்பிய காலத்தில் பூமிக்குள் அமிழ்ந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து படிகமாக மாறிய கல்லாகும்.

அவ்வாறு வெந்த கல்லில் பழைய சிப்பியின் அடையாளம் எஞ்சுவதில்லை. ஓடும் சேறும் ஒரே படிகக் கூட்டமாக மாறிவிடுவதால், கல்லின் அழகு கூடும்போதே அதன் சரித்திரம் அழிந்துபோகிறது. நம்முடைய திருச்சிராப்பள்ளிச் சீமையிலே கருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பிக்கல், வியாபாரிகளால் ‘திருச்சிராப்பள்ளிப் பளிங்கு’ என்று அழைக்கப்பட்டு, மேஜைப் பலகைகளுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் இழைக்கப்பட்டதாயினும், சாஸ்திரப்படி பளிங்கு ஆகாது. அது வெந்ததில்லை, ஆகையால் இழைத்து மெருகேற்றிய அதன் முகத்தில், குறுக்கே வெட்டுண்ட நத்தையின் சுருளும் சிப்பியின் வரியும் கரும்பழுப்புக் கல்லுக்கிடையே வெண்மையாகத் தெளிவாய்த் தெரிகின்றன. சரித்திரம் அழியாத அத்தகைய கல்லே பூகர்ப்ப சாஸ்திரிக்கு வேண்டியது. நம் நாட்டில் அக்கல்லை முதன்முதல் முழுமையாகப் படித்து, அதிலுள்ள ஜீவராசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரிட்டு, நான்கு பெருந்தொகுதிகளில் பதிந்து வைத்தவரின் விருத்தாந்தமே இந்த அத்தியாயத்தின் பொருள். அவர் பெயர் பெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா.

பொறுக்கியவர்கள்

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அண்டார்க்டிகாவோடு ஒட்டிக் கிடந்த இந்தியப் பெருநிலம் அதனின்று பிளந்து விலகிக்கொண்டிருந்த காலத்தில், இன்றைய கீழைக் கரையோரமாக நிலம் தாழ்ந்து, கடல் உள்ளே புகுந்தது. அந்தக் கடல் ஒருகால் முன்னேறியும் ஒருகால் பின்வாங்கியும், ஏறக்குறைய டைனோசார்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலம் வரையில், இன்றைய திருச்சிராப்பள்ளிக்கு வடக்கேயுள்ள பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் களிமண்ணையும் மணலையும் சுண்ணாம்பையும் அடுக்கடுக்காகப் படிய வைத்தது. காவேரிப் படுகையின் மேற்கு விளிம்பாகிய அவ்விடத்தில் அந்த அடுக்குகள் நிலத்தின்மேல் தலைகாட்டுகின்றன. கிழக்கே போகப்போக ஆழத்தில் இறங்கி, தஞ்சை நாகப்பட்டினச் சீமைகளின் வயல்களுக்குக் கீழே மறைந்து கிடக்கின்றன. நரிமணத்தில் எண்ணெய் எடுக்கத் துளையிட்டவர்கள் இறங்கியதும் இந்தப் படுகைக்குள்ளேதான்.

மேலே தலைகாட்டும் இடத்தில் உழுபவனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் கல்லாய்ச் சமைந்த கிளிஞ்சல் புதிய பொருளன்று. கல்லாய்ப்போன இத்தகைய உயிர்ப் படிவங்களை ஆராய்ச்சிக்கென்று திரட்டும் முயற்சி 1840-களில் தொடங்கிற்று. சென்னை அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரிக்கு அருகிலும், விருத்தாசலத்துப் பக்கத்திலும், திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் சேகரித்த படிவங்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் மீன்களை எகர்டன் விவரித்தார். முதுகெலும்பில்லாத பிராணிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ஆம் ஆண்டில் விவரித்தார். ஐரோப்பாவில் சுண்ணப்பாறைகள் படிந்த கிரெட்டேஷியஸ் காலத்தில் தென்னிந்தியாவிலும் கடல் இருந்தது என்ற செய்தி அப்போது உலகுக்குத் தெரிந்தது.

ஆனால் எந்தப் பாறை எதன்மேல் கிடக்கிறது என்று தெரியாதவரையில், படிவங்களின் குவியல் வெறும் குவியலே. அந்த வரிசையைக் காண்பதற்கு, இந்திய பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்ரி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு 1857 முதல் 1860 வரையில் இப்பகுதியில் அளந்து திரிந்து, 1862-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அடியில் கிடப்பவற்றை ஊட்டத்தூர் அடுக்குகள் என்றும், நடுவில் உள்ளவற்றைத் திருச்சிராப்பள்ளி அடுக்குகள் என்றும், மேலே உள்ளவற்றை அரியலூர் அடுக்குகள் என்றும் அவர் வகுத்த பாகுபாடு, நுணுக்கமான திருத்தங்களோடு இன்றளவும் வழக்கில் இருந்து வருகிறது. சிவன்கோயிலால் பெயர் பெற்ற சிற்றூராகிய ஊட்டத்தூர், அவ்வறிக்கையால் உலகத்துப் பூகர்ப்ப நூல்களிலெல்லாம் ஒரு காலத்தின் பெயராக ஏறிற்று.

பிளான்ஃபோர்டும் அவருடைய துறையினரும் திரட்டிய படிவங்கள் பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் படிப்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

காட்டதிகாரியின் மகன்

இன்றைய செக் நாட்டில் அடங்கிய மொராவியா அப்போது ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே குரோமெர்ஷீஷ் என்னும் ஊருக்கு அருகில், வனங்களைப் பராமரிக்கும் உத்தியோகத்திலிருந்த ஒருவருக்கு மகனாக 1838-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் ஸ்டோலிட்ஸ்கா பிறந்தார். இளமையைக் காட்டுக்கு நடுவே கழித்தவர், உயர்கல்விக்காகப் பிராகாவுக்கும் வியன்னாவுக்கும் சென்றார். வியன்னாவில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர்களுள் எட்வர்ட் சூஸ் ஒருவர். ஆல்ப்ஸ் மலை எப்படி எழும்பிற்று என்று கேட்கத் தொடங்கி, முடிவில் பூமண்டலம் முழுவதின் முகத்தையும் ஒரே நூலில் எழுதத் துணிந்த மகா பண்டிதர் அவர். மாணவர் 1859-இலேயே, ஆல்ப்ஸ் மலையின் வடகிழக்குப் பாறைகளில் கிடைத்த நன்னீர்ச் சிப்பிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிச் சமர்ப்பித்தார். 1861-இல் டூபிங்கன் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஆஸ்திரிய பூகர்ப்ப ஆய்வுத் துறையில் சேர்ந்து ஆல்ப்ஸ் மலையிலும் ஹங்கேரியிலும் வேலை பார்த்தார்.

இந்தியத் துறையின் தலைவராயிருந்த தாமஸ் ஓல்டாம் நெடுநோக்குடையவர். பூமியைத் தோண்டி நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று சொல்வது மட்டுமே தம் துறையின் காரியம் என்று அரசாங்கத்தார் நினைத்திருந்த நாளில், படிவங்களை விவரிப்பதற்கென்றே 1861-இல் ‘பேலியன்டாலஜியா இண்டிகா’ என்ற வெளியீட்டு வரிசையைத் தொடங்கியவர் அவர். அதற்குத் தகுந்த பண்டிதரைத் தேடியபோது, ஆங்கிலேயரா அல்லரா என்று பாராமல் வியன்னாவிலிருந்து இந்த இளைஞரைத் தருவித்தார். 1862-இல் கல்கத்தா வேலையை ஏற்றுக்கொண்டபோது ஸ்டோலிட்ஸ்காவுக்கு வயது 24. அவர் முன்னே வைக்கப்பட்டது திருச்சிராப்பள்ளிச் சீமையின் கடல்.

பேரேடு

வெளியூர் சென்று கொண்டுவிற்ற நகரத்தாரின் கணக்கு முறையை அறிந்தவர்களுக்கு, ஸ்டோலிட்ஸ்கா செய்த வேலையின் தன்மையை விளக்குவது எளிது. பர்மாவிலோ மலாயாவிலோ கடையை நடத்துபவர் மேலாள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை அவர் ஆண்டுக்கணக்கில் காணாதிருக்கலாம். ஆயினும் பேரேட்டின் நகலும் ஐந்தொகையும் கைக்கு வந்தவுடன், எந்த ஊரில் யாருக்கு என்றைக்கு எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று படித்து, கடையின் உண்மை நிலைமையை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அது கைகூடுவதற்கு ஒரே நிபந்தனை, ஒவ்வொரு பதிவிலும் பெயரும் ஊரும் தேதியும் பிழையின்றி இருத்தல் வேண்டும் என்பதே. தேதியில்லாத பற்று எவ்வளவு பெரிய தொகையாயிருந்தாலும் அதை வசூலிக்க முடியாது. படிவமும் அப்படித்தான். எந்த ஊரில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், எத்துணை அழகான சிப்பியும் அலமாரியில் வைக்கும் விளையாட்டுப் பொருளே ஆகும். ஊட்டத்தூரிலும் அரியலூரிலும் நடந்தவர்கள் குறித்து அனுப்பிய ஊரையும் அடுக்கையும் கொண்டு, ஸ்டோலிட்ஸ்கா கல்கத்தாவிலிருந்து அந்தக் கடலுக்குக் கணக்கு எழுதினார்.

அதில் ஒரே ஒரு பதிவை அருகில் வைத்துப் பார்ப்போம். அம்மோனைட் என்னும் பிராணி, கணவாயின் தூரத்து உறவாய், சுருண்ட ஓட்டினுள் வாழ்ந்தது. வளர வளர ஓட்டின் வாயை நீட்டிக்கொண்டு முன்னே நகர்வதும், தான் விட்டு நீங்கிய பின்பகுதியை ஒரு தடுப்புச்சுவரால் அடைப்பதும் அதன் இயல்பு. அந்தத் தடுப்புச்சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடுகிற விளிம்பு நேர்கோடாக இராமல், மடிந்தும் பிளந்தும் கிளைத்தும் செல்லும். பிராணி மடிந்து, அறைகளில் சேறு நிறைந்து கல்லாகி, மேலோடு கரைந்து போன பிறகு, அந்த விளிம்பு கல்லின்மேல் இலைநரம்புக் கோலமாக எழுந்து நிற்கிறது. ஓட்டின் உருவம் ஒத்திருக்கும் இரண்டு அம்மோனைட்டுகளும் இந்தக் கோலத்தில் வேறுபட்டால் அவை வேறு வேறு இனமாயிருக்கலாம். உருவத்தில் சற்று வேறுபட்டாலும் கோலம் ஒன்றாயிருந்தால், அவை ஒரே இனத்தின் வேறு வேறு தோற்றங்களாக இருக்கலாம். ஆகவே ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு கல்லையும் சுத்தம் செய்து, சுருளின் அகலத்தையும் தடிப்பையும் அளந்து, முகட்டிலுள்ள வரிகளை எண்ணி, கோலத்தை வரைந்து, ஐரோப்பாவில் அதுவரை வெளிவந்த நூல்களிலுள்ள சித்திரங்களோடு ஒப்பிட்டு, பழைய இனமாயின் பழைய பெயரையும், புதியதாயின் புதுப்பெயரையும் எழுதவேண்டும். இவ்வளவும் ஒரு கல்லுக்கு.

அம்மோனைட் நமக்கு அந்நியமான பொருளன்று. வைணவர் இல்லங்களில் திருவாராதனப் பெட்டியில் எழுந்தருளியிருக்கும் சாளக்கிராமம், முக்திநாத்துக்குக் கீழே கண்டகி நதியில் உருண்டு வருகிற கருங்கல். அதனுள்ளே காணும் சக்கரம் ஜுராசிக் காலத்து அம்மோனைட்டின் சுருள். அதே காலத்துக் கரிய களிப்பாறை இமயத்தின் மேற்குப் பகுதியில் ஸ்பிட்டி பள்ளத்தாக்கிலும் நீண்டு கிடக்கிறது. 1864-லும் 1865-லும் ஸ்டோலிட்ஸ்கா அங்கே சென்று, பாறை அடுக்குகளை வரிசைப்படுத்தி, அப்பள்ளத்தாக்கில் அதுகாறும் கிடைத்த படிவங்கள் அனைத்தையும் மறுபரிசீலனை செய்தார். மூத், லிலாங், கியூமல், சிக்கிம் என்று அவர் அங்குள்ள சிற்றூர்களின் பெயரால் குறித்த அடுக்குகளை இமய ஆராய்ச்சியாளர் இன்றும் சொல்லி வருகிறார்கள். இங்கே குறித்த சிக்கிம், கீழ்த்திசையிலுள்ள மாநிலமன்று. ஸ்பிட்டியில் உள்ள ஒரு சிற்றூர்.

தென்னிந்தியக் கடலின் பேரேடு 1863 முதல் 1873 வரையில் வெளிவந்தது. நான்கு தொகுதிகள், ஏறக்குறைய 1,500 பக்கங்கள், 178 கல்லச்சுச் சித்திரப் பலகைகள். முதல் தொகுதியில் அம்மோனைட்டுகளை அவர் எழுத, அவற்றோடு உறவுடைய நாட்டிலஸையும் பெலம்னைட்டையும் பிளான்ஃபோர்டு எழுதியிருந்தார். இரண்டாவதில் நத்தை இனங்களும், மூன்றாவதில் இருபுற ஓடுடைய சிப்பி இனங்களும், நான்காவதில் பவளம், கடல்முள்ளி முதலிய எஞ்சியவைகளும் இடம்பெற்றன. அவற்றுள் மூன்றாம் தொகுதியே அவருடைய தனித்தன்மையை நன்கு காட்டுவது. திருச்சிராப்பள்ளிச் சிப்பிகளை மட்டும் விவரித்திருந்தால் அரசாங்கம் இட்ட வேலை முடிந்திருக்கும்; அவரோ அத்துடன் நில்லாமல், உலகத்தில் இன்று வாழ்வனவும் கல்லாய்க் கிடப்பனவுமாகிய சிப்பிப் பேரினங்கள் யாவற்றையும் மறுபடி பரிசீலித்து, எது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஒழுங்குபடுத்தி, அந்த ஒழுங்குக்குள் அரியலூர்ச் சிப்பியை வைத்தார்.

கல்லைப் படிப்பவன் உயிரையும் படிக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கைக்கு மூலம் இத்தாலியில் இருக்கிறது. 1814-ஆம் ஆண்டில் ஜாம்பத்திஸ்தா ப்ரோக்கி என்பவர், அப்பினைன் மலையடிவாரத்துக் குன்றுகளில் கிடைத்த சிப்பிப் படிவங்களை மத்தியதரைக் கடலில் அப்போது வாழ்ந்த சிப்பிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, சில இனங்கள் இன்றும் வாழ்கின்றன, சில அழிந்துவிட்டன என்று காட்டினார். வாழ்வனவற்றை அறியாதவன் அழிந்தவற்றை அடையாளம் காண முடியாது என்பது அந்த நூலால் நிலைபெற்றது.

நகரத்தார் போன துறைமுகங்கள்

ஆகையால் ஸ்டோலிட்ஸ்கா உயிருள்ள நத்தைகளையும் தேடிப் புறப்பட்டார். அவர் எழுதிய கட்டுரைகளுள் மோல்மேன் சுற்றுப்புறத்து நிலநத்தைகளைப் பற்றியது 1871-இல் வெளிவந்தது. பினாங்குத் தீவின் நத்தைகளைப் பற்றியவை 1872-லும் 1873-லும் வெளிவந்தன. செட்டிநாட்டு வாசகருக்கு இவ்விரண்டு பெயர்களும் பாட்டனார் காலத்துப் பெயர்கள். மோல்மேன் ஆங்கிலேயர் கைக்குப் போன பின்பு நகரத்தார் அங்கே கடை வைத்தார்கள். பினாங்கில் அதற்கு முன்பே நிலைத்து, தண்ணீர்மலையடியில் தண்டாயுதபாணிக்குக் கோயிலெடுத்து 1857-இல் நிறைவேற்றியிருந்தார்கள். அவர்கள் நடமாடிய துறைகளிலேயே அதே காலத்தில் இந்த மொராவியரும் கரையிறங்கினார். வயலுக்கும் தோட்டத்துக்கும் கொடுத்த கடனை அவர்கள் எண்ணிக்கொண்டிருக்க, மோல்மேனின் சுண்ணாம்புக் குன்றுகளில் ஓடு வளர்க்கும் நத்தையின் வகைகளை இவர் எண்ணிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் ஓடு கட்டுவது எளிதாதலால், அத்தகைய குன்றுகளில் நத்தை இனங்கள் பெருகியிருப்பதும், குன்றுகள் ஒன்றற்கொன்று தொடர்பற்று நிற்பதால் ஒரு குன்றின் இனம் அடுத்த குன்றில் இல்லாதிருப்பதும் இயற்கை.

நத்தையோடும் அவர் நிற்கவில்லை. பாம்பு, தவளை, சிலந்தி, பறவை என்று அவர் எழுதாத பிராணி வகுப்பு குறைவு. சட்லெஜ் பள்ளத்தாக்கின் பறவைகளைப் பற்றி 1868-இல் எழுதினார். கட்ச் பாலைநிலத்தில் பூகர்ப்ப வேலையாகச் சென்றவிடத்தில், உலர்நிலப் புதர்களில் வாழும் சிறு பட்சி ஒன்றைக் கண்டு 1872-இல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வங்காள ஆசியச் சங்கத்தின் இயற்கைச் சரித்திரப் பகுதிக்குக் கௌரவச் செயலாளராக இருந்து, பிறர் அனுப்பும் கட்டுரைகளைச் செப்பனிட்டு வெளியிட்ட பொறுப்பும் அவருடையதாயிற்று. பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பட்சி ஆராய்ச்சியிலே அவருக்கு நண்பராயிருந்தார். இத்தனையும் 36 வயது முடிந்து சின்னாட்களுக்குள் முற்றுப்பெற்ற ஒரு வாழ்க்கையில் அடங்கின.

கரகோரம்

1873-ஆம் ஆண்டு மே மாதத்தில் நான்காம் தொகுதியும் நிறைவேறியது. அதே ஆண்டில், கிழக்குத் துருக்கிஸ்தானத்தை ஆண்ட யாகூப் பேக்கிடம் இந்திய அரசாங்கம் அனுப்பிய இரண்டாம் யார்க்கண்ட் தூதுக்குழுவுக்கு, டக்ளஸ் ஃபோர்சித் தலைவராகவும் ஸ்டோலிட்ஸ்கா பூகர்ப்ப சாஸ்திரியாகவும் நியமனம் பெற்றார்கள். ஐரோப்பிய விஞ்ஞானி ஒருவர் காலடி வைத்திராத மலைகள் பல அவ்வழியில் இருந்தன. உயரத்தில் சுவாசம் தடுமாறுவதும் தலை நோவதும் முந்திய இமயப் பிரயாணங்களில் அவர் அனுபவித்தறிந்தவை, ஆயினும் புறப்பட்டார்.

லே நகர் வழியாகக் கரகோரம் தொடரைத் தாண்டி, யார்க்கண்டையும் காஷ்கரையும் சேர்ந்து, அடுத்த வசந்தத்தில் பாமீர்ப் பீடபூமியையும் பார்த்துவிட்டு, குழு திரும்பியது. 1874 ஜூன் மாதத்தில் 5,500 மீட்டருக்கு மேற்பட்ட கரகோரம் கணவாயை மறுபடி கடந்தபோது கடுந்தலைவலி அவரைப் பற்றியது. அந்நிலையிலும் பாறைகளைப் பார்ப்பதையும் குறிப்பெழுதுவதையும் அவர் விடவில்லை. டெப்சாங் சமவெளியைத் தாண்டி முர்கோ என்னும் இடத்தில், ஜூன் 19-ஆம் நாள் உயிர் நீத்தார். உடல் லே நகரில் அடக்கம் செய்யப்பட்டது. இந்திய அரசாங்கம் அங்கே நினைவுத்தூண் எழுப்பியது. மலையுச்சியின் குறைந்த பிராணவாயுவால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் நோயை இன்றைய வைத்தியர்கள் அறிவார்கள். உடனே கீழே இறக்கிக் கொண்டுபோவதே அதற்கு முதற்சிகிச்சை. அக்காலத்தில் அது தெரியாது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் சேகரங்களையும் பிற அறிஞர்கள் பகிர்ந்துகொண்டு பல பாகங்களாக வெளியிட்டார்கள்.

மாறிய கொள்கைகளும் மாறாத பதிவுகளும்

ஸ்டோலிட்ஸ்கா தம் பேரேட்டைக் கொண்டு எந்தப் பெரிய கொள்கையையும் நிறுவவில்லை. அதற்கு அவகாசமும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பதிவுகளைப் பிறர் எவ்வாறெல்லாம் எடுத்தாண்டார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால், விஞ்ஞானத்தில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்ற விஷயம் விளங்கும்.

திருச்சிராப்பள்ளிப் படிவங்கள் பல, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் கிடைத்தவற்றை ஒத்திருப்பதும், நம் நாட்டிலேயே நருமதைப் பள்ளத்தாக்கில் கிடைத்தவற்றிலிருந்து பெரிதும் வேறுபடுவதும் அக்கால அறிஞர்களைச் சிந்திக்க வைத்தன. இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த பெருநிலம் ஒன்று இருகடல்களையும் பிரித்து நின்று, பிற்பாடு இந்து சமுத்திரத்தில் அமிழ்ந்துபோயிருக்க வேண்டும் என்று 1875-இல் பிளான்ஃபோர்டு எழுதினார். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னரே, லெமூர் என்னும் பிராணி வாழும் இடங்களைக் கொண்டு ஸ்கிளேட்டர் என்பவர் லெமூரியா என்றொரு நிலத்தைக் கற்பித்திருந்தார். நம்மவர் குமரிக்கண்டத்தோடு அதைப் பொருத்திப் பேசிய வரலாறு தமிழருக்குத் தெரியாததன்று. ஆனால் இங்கே பேசப்படும் காலம் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது என்பதை மறத்தலாகாது. 1885-இல் ஸ்டோலிட்ஸ்காவின் ஆசானாகிய சூஸ், தென்கண்டங்களைச் சேர்த்துக் கோண்டுவானா நிலம் என்று பெயரிட்டபோதும், அதன் நடுப்பகுதிகள் அமிழ்ந்தன என்றே கருதினார். நிலம் அமிழவில்லை, கண்டங்கள்தாம் பிளந்து நகர்ந்தன என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உறுதிப்பட்டது. கொள்கை மூன்று வடிவம் எடுத்தது. ஊட்டத்தூர்ச் சிப்பியும் நேட்டால் சிப்பியும் ஒத்திருக்கின்றன என்ற பதிவு மட்டும் மாறவில்லை. அப்பதிவு பிழையாயிருந்திருந்தால் மூன்று கொள்கைகளுக்கும் ஆதாரம் ஆட்டங்கண்டிருக்கும்.

பதிவிலும் திருத்தம் நடந்தது உண்டு. வியன்னாவிலிருந்து பிரான்ஸ் கொஸ்மாட் 1895 முதல் 1898 வரையில் தென்னிந்திய அம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்து, ஒரே பேரினத்தில் அடக்கியிருந்த பலவற்றைப் பிரித்து வேறு வேறு பேரினங்களில் வைத்தார். அவர் அவ்வாறு செய்ய முடிந்ததற்குக் காரணம், முன்னவர் சித்திரமும் அளவும் ஊர்ப்பெயரும் எழுதிவைத்துச் சென்றதே. இதற்கு மாறான உதாரணமும் அரியலூர்ச் சீமையிலேயே உண்டு. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளைக் கொண்டு, 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆராய்ச்சியாளர்கள் பிருகத்காயோசாரஸ் என்னும் பேருருவ டைனோசாரை அறிவித்தார்கள். நொறுங்கிப் போகும் தன்மையுள்ள அவ்வெலும்புகள் ஈரத்தில் சிதைந்து அழிந்தன. இப்பொழுது எஞ்சியிருப்பவை சில சித்திரங்களும் நிழற்படங்களும் சுருக்கமான விவரமுமே. ஆதலால் அது உலகத்தின் பெரும்பிராணிகளுள் ஒன்றா, கல்லாய்ப் போன மரத்துண்டா என்ற விவாதம்கூட எழுந்தது. பொருள் போன பின்பு பதிவின் நிறைவே பொருளின் இடத்தில் நின்று சாட்சி சொல்ல வேண்டியதாகிறது.

ஸ்டோலிட்ஸ்கா இறந்த மறு ஆண்டு, வியன்னாவில் நாய்மைர் என்ற அறிஞர் ஓர் அம்மோனைட் பேரினத்துக்கு ஸ்டோலிட்ஸ்கையா என்று பெயரிட்டார். அது நம் ஊட்டத்தூர் அடுக்குகளிலும் கிடைக்கிறது, ஐரோப்பாவிலும் கிடைக்கிறது. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த ஓர் இனம், கிரெட்டேஷியஸ் காலத்துக்குள் ஒரு குறுகிய காலப்பகுதியை அடையாளம் காட்டும் முத்திரையாகப் பூகர்ப்ப சாஸ்திரிகளுக்குப் பயன்பட்டு வருகிறது. தம் ஆயுளைப் பாறைகளின் தேதியைப் படிப்பதில் செலவிட்டவருடைய பெயரே பாறைகளில் ஒரு தேதியாக நிற்பதைக் காட்டிலும் பொருத்தமான கௌரவம் வேறு இல்லை.

அந்தப் பேரேடு இன்னும் முடிந்துவிடவில்லை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைப் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது 1940-இல்தான். டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் நாள்தோறும் புதிய அடுக்குகள் வெளிப்படுகின்றன. வெளிப்பட்டவை மறுநாளே சூளைக்குள் போகின்றன. காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளிலே மழைக்குப்பின் பெலம்னைட்டுகளும் அம்மோனைட்டுத் துண்டுகளும் கழுவுண்டு மேலே கிடப்பதை, வேடிக்கை பார்க்கப் போகிற மாணவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்; வீட்டுக்கு வந்து சேரும்போது அது எந்த ஓடையில் கிடந்தது என்பது அவர்களுக்கே நினைவிராது. அப்படிச் செல்லும் இளைஞர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. கிடந்த கல்லைக் கிடந்தபடியே நிழற்படம் எடுங்கள். ஊர், ஓடை, நாள், மேலும் கீழும் உள்ள மண்ணின் நிறம் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அபூர்வமாகத் தோன்றினால் எடுக்காமல், வாரணவாசியில் உள்ள அரசாங்க அருங்காட்சியகத்தாருக்கோ பக்கத்துக் கல்லூரிப் பூகர்ப்ப ஆசிரியருக்கோ தெரியப்படுத்துங்கள். ஸ்டோலிட்ஸ்காவின் தொகுதிகளில் அடுத்த வரியை எழுதும் உரிமை, கல்லைக் கண்டெடுத்தவனுக்கு அன்று, அது கிடந்த இடத்தைத் தவறாமல் எழுதியவனுக்கே உண்டு.